முதல்முறை தனியாக எங்கே போனீர்கள்

என் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எங்கள் தெருவில் அவருக்குப் பிரேக் அக்கா என்று பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் வலது காலை வைத்தே வருஷக்கணக்காக உட்கார்ந்து பழகியதில், வீட்டில் சாப்பிடும்போது யாராவது வேகமாக உள்ளே நுழைந்தால்கூட அவர் கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். பயிற்சிப் பள்ளிக்குப் பக்கத்து டயர் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதை ஒருநாள் பார்த்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

அண்ணியின் பயிற்சிப் பள்ளி என்பது ஒரே ஓர் அறை. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் ஜெராக்ஸ் கடை. சுவரில் சாலைக் குறிகளின் அட்டவணை. சிவப்பெல்லாம் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. மேசைமேல் ஒரு பலகையில் நாற்சந்தி வரைந்து ஆறு பொம்மைக் கார்களை நிறுத்தியிருப்பார். அதில் ஒன்றுக்குச் சக்கரம் கிடையாது. "இதுதான் ரூல்ஸ் மதிக்காத வண்டி, கடைசியில இப்படித்தான் ஆகும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். வெளியே இரண்டு சின்னக் கார்கள், ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல்.

இருபத்தாறு வயதில் அந்த அறைக்கு விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்யத்தான் வேலைக்குப் போனார். அப்போதிருந்த ஆசிரியர் மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். வாசலில் வந்து நிற்கும் பெண்களைத் தினமும் திருப்பி அனுப்ப அண்ணிக்கு மனசு வரவில்லை. மூன்றே மாதத்தில் பயிற்சியாளர் தேர்வு எழுதித் தேறி, தானே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பிறகு முதலாளி தன் மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போனபோது அண்ணியே பள்ளியை எடுத்துக்கொண்டார். அதற்கே பத்தொன்பது வருஷம் ஆகிறது.

பாடம் பதினெட்டு நாள். பதினெட்டாம் நாள் முடிந்து லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டால் ஆள் வரமாட்டார்கள். அதுதான் அந்தத் தொழில். நன்றாகக் கற்றுக்கொடுத்தால் திரும்பி வர வேண்டிய தேவையே இருக்காது. "நம்ம கடைக்கு மட்டும்தான் ஒரு வாடிக்கையாளரும் ரெண்டாவது தடவை வரக்கூடாது" என்று அண்ணி சிரிப்பார்.

நான் அவருக்குக் கொழுந்தன். கடைகளுக்கு வலைத்தளம் செய்து பராமரிப்பது என் பிழைப்பு. ஒரு கண்ணாடிக் கடை, ஒரு செருப்புக் கடை, அண்ணன் மூலமாக வந்த இரண்டு பல் மருத்துவர்கள். அண்ணன் பல்செட் செய்கிறவர். வீட்டு முன்னறையில் பிளாஸ்டர் பொடியும் மெழுகுமாக உட்கார்ந்து யார் யாருடைய பல்லையோ செதுக்கிக்கொண்டிருப்பார். அண்ணிக்கும் நான் ஒரு வலைத்தளம் செய்து கொடுத்திருந்தேன். வெள்ளைக் காரின் படம், தொலைபேசி எண், நேரம். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

போன வருஷம் இரண்டு தெரு தள்ளி இன்னொரு பயிற்சிப் பள்ளி வந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, எட்டு வண்டி. அவர்களுடைய வலைத்தளத்தில் நாற்பது பேர் பாராட்டி எழுதியிருந்தார்கள். அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார்.

"அருமையான சேவை, அருமையான சேவை, மிகவும் அருமையான சேவை. நாப்பது பேருக்கும் ஒரே வாயா தம்பி?"

"நாமளும் ஒரு பக்கம் வைக்கலாம் அண்ணி. கத்துக்கிட்டுப் போனவங்க வந்து எழுதட்டும். உண்மையா எழுதட்டும். எல்லாரும் பாக்குற மாதிரி."

"எழுதினா உடனே வந்துடுமா, நீ பாத்துட்டு விடுவியா?"

"பாத்துட்டு விடலாம். நமக்குப் பிடிக்காததை நிறுத்தி வச்சுக்கலாம்."

"அப்ப அது நானே எழுதிக்கிட்ட மாதிரிதானே. உடனே வரட்டும்."

ஒன்றிலிருந்து ஐந்துவரை நட்சத்திரம் கொடுக்கிற வசதியையும் காட்டினேன். "நட்சத்திரம் குடுக்க நான் என்ன ஓட்டலா?" என்று அதைத் தள்ளிவிட்டார். அப்படியானால் என்ன கேள்வி வைப்பது? "எங்கள் பயிற்சி எப்படி இருந்தது" என்று நான் தட்டியதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லா இருந்துச்சுன்னு எழுதுவாங்க. அதைப் படிச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது? நான் ஒண்ணு கேக்கட்டுமா? லைசென்ஸ் வாங்கினப்புறம் முதல்ல தனியா எங்க போனீங்கன்னு கேளு. எனக்கே தெரியாது தம்பி. ஒருத்தரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

அதையே வைத்தோம். 'முதல்முறை தனியாக எங்கே போனீர்கள்?' அதன்கீழே, 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' பெயர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் பதிவு வேண்டும் என்றேன். அண்ணியே உட்கார்ந்து ஒரு விரலால் தட்டினார்: 'பெட்ரோல் பங்குக்கு. போறதுக்கு வேற இடம் தெரியல. டேங்க் நிறைஞ்சிருந்தது. காத்து மட்டும் பிடிச்சுட்டு வந்தேன்.' படித்துவிட்டு நான் அழித்துவிட்டேன். அழித்திருக்கக் கூடாது என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

பத்தொன்பது வருஷத்துப் பதிவேடுகளை மேலே பரணிலிருந்து இறக்கினோம். ஆளுக்கு ஒரு வரி: பெயர், எண், பதினெட்டுக் கட்டம், வந்த நாளுக்கு ஒரு டிக். ஆயிரத்துச் சொச்சம் எண்களுக்குச் செய்தி அனுப்பினேன். பாதி எண்கள் கை மாறியிருந்தன. ஒருவர் எங்கள் பக்கத்துக்கே வந்து, 'ராங் நம்பர். நான் கார் கத்துக்கவில்லை. சைக்கிளில்தான் போகிறேன். நன்றாக இருக்கிறேன்' என்று எழுதிவிட்டுப் போனார். அதை எடுக்கட்டுமா என்றேன். "இருக்கட்டும், நல்லா இருக்காராம்ல" என்றார் அண்ணி.

ஆனால் அதற்கும் முன்னால் வந்தது வேறொன்று. பக்கம் திறந்து ஐந்து நாள் எதுவும் இல்லை. ஆறாம் நாள் காலையில் இது இருந்தது:

'எங்கேயும் போகவில்லை. லைசென்ஸே வாங்கவில்லை. ஏழு வருஷம் முன்னால் பாலத்து ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டது. நீங்கள் பிரேக் போட்டு நிறுத்தினீர்கள். "உங்களுக்கு இது வராது, இறங்குங்க" என்றீர்கள். பின்னால் நின்ற பஸ்ஸில் என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர் இருந்தார்கள். நான் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன். இன்றுவரை வேலைக்கு இரண்டு பஸ் மாறித்தான் போகிறேன். இப்படிக்கு, மருந்துக் கடையில் வேலை செய்பவள்.'

அண்ணி அதை மூன்று முறை படித்தார். பிறகு எழுந்து அந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடினார். ஒரு பெயருக்கு எதிரே ஐந்து டிக் இருந்தது. ஆறாவது கட்டத்தில் பாதி டிக், பேனாவைப் பாதியில் எடுத்த மாதிரி. அதன் பக்கத்தில் அண்ணியின் கையெழுத்தில் 'நின்றுவிட்டார்'.

"ஞாபகமே வரல" என்றார். "மூஞ்சிகூட வரல."

பல் மருத்துவரிடம் கொடுக்கக் கிளம்பிய அண்ணன், கையில் ஒரு மேல்வரிசைப் பல்லோடு பள்ளிக்குள் எட்டிப் பார்த்தார். "எடுத்துடு. இதுதான் முதல்ல கண்ணுல படும். புதுசா வர்றவன் ஓடிடுவான்."

"மறைச்சு வைக்கிற பட்டன் ஒண்ணு இருக்கு அண்ணி" என்றேன் நான்.

அண்ணி சக்கரம் இல்லாத பொம்மைக் காரை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "பொய்யா இருந்தா எடுக்கலாம். அது என் வாய் வார்த்தைதான். அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்ப பலபேர்கிட்ட சொல்லியிருக்கேன், ரோஷத்துல கத்துப்பாங்கன்னு."

சரி, பதிலாவது எழுதலாம் என்று நான் ஒன்று தயார் செய்தேன். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனமார வருந்துகிறோம்.' என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் நான் எழுதிக் கொடுப்பது அதுதான்.

"யாரு இந்த வருந்துகிறோம்? நான் ஒருத்திதானே இருந்தேன் அந்த வண்டியில?"

இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் சாம்பல் காரில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுவார், அடிப்பார். கடைசியில் அவர் எழுதியதை அப்படியே போட்டேன்:

'நான்தான் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன நாள் எனக்கு நினைவில்லை. பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு ஏழு வருஷமாக மறக்காத ஒன்று எனக்கு ஒருநாள்கூட மனசில் நிற்கவில்லை. அதுதான் பெரிய தப்பு என்று இப்போது படுகிறது. ஏற்றத்தில் வண்டி உருண்டால் அது கற்றுக்கொள்கிறவர் தப்பு இல்லை, பக்கத்தில் இருக்கிறவர் பொறுப்பு. என்னை மன்னிச்சுக்கங்க. வாருங்கள் என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. வந்தால் ஆறாம் நாளிலிருந்து தொடங்கலாம்.'

அதற்குப் பதில் வரவில்லை. சேர வருவதாக இருந்த ஒருவர் போன் செய்து, அந்தப் பக்கத்தைப் பார்த்தேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆனால் அந்தப் பதிலை நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். பிரேக் அக்கா மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து பதிவுகள் வர ஆரம்பித்தன. முதலில் ஒன்று, மறுநாள் மூன்று, அப்புறம் காலையில் திறந்தால் பத்துப் பன்னிரண்டு.

'தெருமுனை வரைக்கும். திரும்பி வந்து கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.'

'கடலைப் பார்க்கப் போனேன். வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். பதினோரு வருஷமாக ஒவ்வொருவரிடமும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை.'

'நான் காரே வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தால் இப்போது பயமில்லை. டிரைவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும்.'

'அம்மாவுக்காக மகள் எழுதுகிறேன். அம்மா அறுபத்தோரு வயதில் உங்களிடம் கற்றார்கள். முதலில் போனது பெரியம்மா வீட்டுக்கு. அக்காவும் தங்கையும் பதினான்கு வருஷம் பேசவில்லை. கதவைத் திறந்த பெரியம்மா முதலில் கேட்டது, "நீயா ஓட்டிட்டு வந்தே?" அதற்கப்புறம் சண்டை எங்கே போயிற்றோ தெரியவில்லை.'

அண்ணி ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டைப் புரட்டி அந்த வரியைத் தேடுவார். பதினெட்டு டிக். அதற்குமேல் ஒன்றுமில்லை. அந்தப் பதினெட்டுக் கட்டத்துக்கு அப்பால் இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறார்கள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. படித்து முடித்துவிட்டுச் சாலையில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதில் யார் யார் என்று தேடுவதுபோல் இருக்கும்.

பிரமிப்பு அதோடு நிற்கவில்லை. அண்ணிக்குச் சில சொல்முறைகள் உண்டு. கற்றுக்கொடுக்கும்போது வாயில் வருவது, யோசித்துச் செய்ததில்லை. "கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியில மூஞ்சியைப் பாக்காதீங்க" என்பார். பின்னால் ஹாரன் அடித்தால், "அவசரம் அவரோடது, நம்மளது இல்ல" என்பார். கிளட்ச்சை விடுவதற்கு ஒன்று சொல்வார்: "தூங்குற குழந்தை தலைக்கு அடியிலேர்ந்து கையை எடுக்கிற மாதிரி விடுங்க." இவையெல்லாம் வந்த பதிவுகளில் வரிக்கு வரி இருந்தன. பிரசவமான மனைவியையும் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டிவந்த ஒருவர், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, அவசரம் அவர்களோடது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்ததாக எழுதியிருந்தார். கடல் தாண்டி வேறு தேசத்தில் இருக்கும் ஒரு பெண், 'இங்கே எல்லாமே எதிர்ப்பக்கம், கண்ணாடி மட்டும் உங்கள் கண்ணாடி' என்று எழுதியிருந்தாள்.

ஒரு நர்ஸ் எழுதினார். குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை. 'உள்ளங்கை அளவு குழந்தைகள். தலைக்கு அடியிலிருந்து கையை எடுப்பதுதான் புதிதாக வரும் நர்ஸ்களுக்குக் கஷ்டம். நான் அவர்களிடம், கிளட்ச்சை விடுகிற மாதிரி எடு என்று சொல்கிறேன். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் அது புரிந்துவிடுகிறது. இதுவரை முப்பது பேருக்காவது சொல்லியிருப்பேன்.'

அண்ணி அதை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். அண்ணன் மெழுகு ஆறிப்போனது தெரியாமல் கத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் குழந்தையைச் சொல்லி கிளட்ச்சைச் சொல்லிக் குடுத்தேன்" என்றார் அண்ணி மெதுவாக. "அந்தப் பொண்ணு கிளட்ச்சைச் சொல்லிக் குழந்தையைத் தூக்கச் சொல்லிக் குடுக்குது."

அன்று மாலைப் பாடத்துக்கு வந்தவரிடம் அவர் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். எதைச் சொன்னாலும் அது எங்கே போய் நிற்குமோ என்று தோன்றிவிட்டதாம்.

பிறகு இன்னொரு வகை வந்தது. அதுதான் என்னை உலுக்கியது. 'நான் உங்களிடம் கற்கவில்லை. என் மனைவி கற்றாள். அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நீங்கள் சொன்னதையே சொன்னாள் என்று இந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது.' இப்படி ஒன்றில்லை, பத்தில்லை. தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா, மாமியாருக்குச் சொல்லிக்கொடுத்த மருமகள், ஒரு அலுவலகத்தில் கூட வேலை செய்கிற ஆறு பேருக்கு மதிய இடைவேளையில் சொல்லிக்கொடுத்த கணக்குப்பிள்ளை. அண்ணியின் முகம்கூட அறியாதவர்கள் அவருடைய வார்த்தையை வைத்து வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தாளில் கோடு போட்டுக் கணக்கெடுக்கப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

"பதினெட்டு நாள் சொல்லிக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு அடுத்த ஆளைப் பாத்தேன்" என்றார் அண்ணி. "இவங்க போய்க்கிட்டே இருந்திருக்காங்க தம்பி."

பக்கத்தின் முதல் பதிவைத் திரும்பப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அந்த ஒரு வார்த்தையும் அப்படித்தானே ஏழு வருஷம் போய்க்கிட்டே இருந்திருக்கு."

அந்த முதல் பதிவை எழுதியவர் வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். டயர் கடை வாசலில் ஒரு பெண் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுக்குப் பக்கம், தோளில் பெரிய பை, கையில் மடக்கிய குடை. டயர் கடைக்காரர் ஏதோ கேட்கவும் உள்ளே வந்தார். நான் வலைத்தளத்துக்குப் படம் எடுக்க வந்திருந்தேன்.

"மருந்துக் கடை" என்று மட்டும் சொன்னார்.

அண்ணி எழுந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"கத்துக்க வரல மேடம். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். அந்தப் பதில் நீங்களே எழுதினதா, யாராவது எழுதிக் குடுத்ததா?"

"எழுதிக் குடுத்தது வேற. அதை வேண்டாம்னுட்டேன்" என்று அண்ணி என்னைக் கைகாட்டினார். "அதையும் காட்டு தம்பி."

வேறு வழியில்லாமல் என் போனில் இருந்ததைக் காட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். தங்கள் மேலான கருத்து என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க கடையிலயும் இதே வாசகம்தான் அனுப்புவோம்" என்றார். அந்த வாசகத்தை அவர் கடைக்கு விற்றது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மா குடித்துவிட்டு, வெளியே நின்ற சாம்பல் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு வெள்ளைக் கார்" என்றார்.

"வெள்ளையும் இருக்கு."

"பாலம் இப்பவும் அப்படியேதான் இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு. ஏத்தம் கொஞ்சம்கூடக் குறையல."

பாலத்துக்குப் போகலாம், இந்தத் தம்பியும் வரட்டும் என்றார் அந்த அம்மா. ஏன் என்று சொல்லவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணி பாலம்வரை ஓட்டிப்போய் ஏற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டு இடம் மாறிக்கொண்டார். முதல்முறை வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. இரண்டாம் முறை ஓரடி பின்னால் உருண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். "நான் பிடிச்சிருக்கேன். நீங்க மெதுவா எடுங்க" என்றார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அண்ணி கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டி, சுற்றிப் போகச் சொன்னார். லாரிக்காரர் போகும்போது ஏதோ சொன்னார். மருந்துக் கடை அம்மா அதைவிடச் சுருக்கமாக ஒன்று பதில் சொன்னார். எனக்குத் தைரியம் வந்தது.

பதினோரு முறை நின்றது. நான் எண்ணினேன். பன்னிரண்டாம் முறை எஞ்சின் சத்தம் மாறியது. முன்பக்கம் லேசாக நிமிர்ந்து வண்டி அப்படியே ஏறியது. பாலத்தின் உச்சியில் கீழே ரயில் தண்டவாளங்களும் ஊரின் கூரைகளும் ஒரேயடியாகத் தெரிந்தன. தினமும் பார்க்கிற இடம்தான். அன்றைக்கு மூன்று பேருமே அதை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தோம். மறுபக்கம் இறங்கி ஓரமாக நிறுத்தினார். 

"இன்னொரு தடவை போலாமா?" என்றார் அண்ணி.

"மூணு தடவை" என்றார் அந்த அம்மா.

இரண்டு மாதத்தில் லைசென்ஸ் வாங்கினார். காட்டுவதற்கென்றே வந்தார். அப்போது நான் அவரிடம், அவர் எழுதியதை அவரே எடுத்துவிட முடியும், வழி சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன். தயக்கத்தோடுதான் கேட்டேன்.

"எதுக்கு எடுக்கணும்? நடந்ததுதானே அது. கீழ மேடம் எழுதினதும் இருக்கு. ரெண்டும் இருக்கட்டும்."

அவர் போன பிறகு அண்ணி பதிவேட்டைத் திறந்தார். அந்தப் பாதி டிக்கை முழுசாக்குவார் என்று நினைத்தேன். தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவைத்தார். "என்ன மனுஷி தம்பி" என்றார்.

அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படித்துவிட்டே சேர்கிறவர்கள் இப்போது அதிகம். இப்படி நீங்கள் சொன்னது உண்மையா என்று ஒன்றிரண்டு பேர் கேட்பார்கள். உண்மைதான் என்பார் அண்ணி. அதற்குமேல் விளக்கம் சொல்லமாட்டார். அதைச் சொல்லும் விதத்தைப் பார்த்தே சேர்ந்துவிடுகிறார்கள் என்பது அண்ணனின் கருத்து.

எழுதியவர்களில் தேனீ வளர்ப்பவர் ஒருவர் இருந்தார். லைசென்ஸ் வாங்கியதும் முதலில் போனது மலைக்கு, பின்னால் முப்பது தேனீப் பெட்டி என்று எழுதி, ஒருமுறை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். அண்ணி விடுமுறை நாளில் காரைத் தொடவே மாட்டார். எங்கே போவதானாலும் ரயில்தான். ஆனால் அதைப் படித்ததிலிருந்து மலை மலை என்றுகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், அண்ணி, நான் மூவரும் காரிலேயே கிளம்பினோம்.

தேனீக்காரர் அடிவாரத்திலேயே காத்திருந்தார். மேலே போகிற பாதையில் சின்னக் கார் ஏறாது என்று எங்களை அவருடைய பின்பக்கம் திறந்த வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஓட்டியது அவர் மனைவி. அவர் சொல்லிக்கொடுத்து அவள் கற்றுக்கொண்டாளாம். மேலே மரங்களுக்கு நடுவே வரிசையாகப் பெட்டிகள், காற்று முழுக்க ஒரே ரீங்காரம். காலிப் பெட்டிகள் சிலவற்றைக் கீழ்ச்சரிவில் பூத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வண்டியைத் திருப்ப அங்கே இடமே இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் வண்டியைவிட ஒரு சாண் அகலமான பாதை. அந்தப் பெண் எங்களை இறங்கச் சொல்லிவிட்டு, பெட்டிகளோடு அந்தச் சரிவில் பின்னோக்கியே இறங்கினாள். மூன்று வளைவு. ஓரிடத்திலும் நிற்கவில்லை. அடுக்கிய பெட்டி ஒன்றுகூட அசையவில்லை.

அண்ணி பாதையின் ஓரத்துக்கு வந்து நின்று பார்த்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வண்டி திரும்பி மேலே வந்ததும் அதன் ஜன்னலருகே போனார்.

"இந்தப் பாதையில பின்னாடியே எடுக்க யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"இவர் சமதரையிலதான் சொல்லிக் குடுத்தார். இங்க யாரும் சொல்லித் தரலீங்க. தினமும் இறங்கி ஏறி நானா பாத்துக்கிட்டதுதான்."

"எனக்கு இது தெரியாது" என்றார் அண்ணி. "ஒருதடவை சொல்லித் தர்றீங்களா?"

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். அவர் சங்கடமாகச் சிரித்தார். பிறகு அவள் நகர்ந்து பக்கத்து சீட்டுக்குப் போனாள். அண்ணி ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டார். அவள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணனும் நானும் பாறைமேல் ஏறி உட்கார்ந்தோம். வண்டி மெல்லப் பின்னோக்கி நகர்ந்து முதல் வளைவில் இறங்கியது.